கேட் வரை தேய்ந்த புல் ஓரம்

போன வாரம், பிளாஸ்டிக் புல் விரிக்கிற தொழிலில் இருக்கும் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு வீட்டில் கார் போகிற பாதையை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் புல், ஓரத்தில் மூன்றாவது முறையாகப் பிய்ந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். பசை சரியில்லை என்றார் ஒருவர். வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை என்றார் இன்னொருவர். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: தேய்ந்திருப்பது ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். பதில் இன்னும் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் காலத்தில் புல் என்றால் அருகம்புல். மண்ணோடு பத்தை பத்தையாகப் பெயர்த்து வந்து பதித்துத் தண்ணீர் ஊற்றுவோம். பிழைத்தால் பிழைக்கும், செத்தால் சாகும். உங்கள் புல் சாகாது, அது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் ஓரம் தேய்வது மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. தேய்ந்ததை ஒட்டப் புறப்படுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். இதில் நான் செய்த தப்புகளே அதிகம்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் காடு வானம் பார்த்த பூமி. அண்ணன்களுக்கே அங்கு வேலை போதவில்லை என்று காரைக்குடிக்கு வந்து, பெரிய வீடுகளில் தோட்ட வேலை பார்த்தேன். மொத்தம் நான்கு வீடுகள். மூன்றில் மனிதர்களே கிடையாது. குடும்பம் மெட்ராஸிலோ கோயமுத்தூரிலோ இருக்கும். சாவியை என்னிடம் கொடுத்திருப்பார்கள். காலையில் கேட்டைத் திறந்து நுழைந்தால், கேட்டைப் பூட்டுகிறவரை என் வாய் திறக்காது. சில நாள் சாயங்காலம் டீக்கடையில் டீ சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கும். அப்படி ஒரு தனிமை அந்த வீடுகளுக்கு. அறுபது ஜன்னல் இருக்கும், ஒன்றுகூடத் திறந்திருக்காது.

நான்காவது வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கணவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. ஒரே மகன், மெட்ராஸில் தொழில். ஆச்சி அவ்வளவு பெரிய வீட்டில் பின்கட்டில் ஓர் அறையை மட்டும் புழங்கிக்கொண்டு, தனக்குத் தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். வீட்டின் முன்னால் போர்ட்டிகோவிலிருந்து கேட் வரைக்கும் சரளை போட்ட கார் பாதை, நீளமாக, நேராக. அதன் இரண்டு பக்கமும் வெறும் செம்மண்தான். மகன் ஒருமுறை வந்தபோது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது, பாதையின் இரண்டு பக்கமும் புல் போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்காக வந்தவன் நான்.

ஐப்பசி மழையில் புல்லைப் பதித்தேன். ஈரம் இருந்ததால் நன்றாகப் பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் வீட்டிலிருந்து கேட்டுக்குப் போகும்போது வலது பக்கமாக வருகிற ஓரம் தேய ஆரம்பித்தது. ஒன்றரை அடி அகலத்துக்குப் புல் படுத்து, பழுத்து, பிறகு மண் தெரிந்தது. நான் புதுப் பத்தை வைத்தேன். அதுவும் தேய்ந்தது. மறுபடியும் வைத்தேன். அதற்கும் அதே கதி. கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் ஒரு முறம் அளவுக்கு வட்டமாக மொட்டை விழுந்துவிட்டது. இடது பக்கமோ பச்சென்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வேலை தெரிந்தவனுக்கு வருகிற கோபம் அது, உங்களுக்கும் வரும். வேலையில் குறை இருக்காது, வேறு யாரோ கெடுக்கிறார்கள் என்று உடனே தோன்றும். எனக்குத் தோன்றிய ஆள் வேலு டிரைவர். ஆச்சியின் பழைய காரை வாரம் இரண்டு நாள் ஸ்டார்ட் செய்து, வெளியே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஷெட்டில் விடுகிற வேலை அவருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அதற்கென்றே போய்க் காரை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, சரளை எதுக்குப் போட்டிருக்கு? அதுல ஓட்ட மாட்டீகளா? மூணு தடவ பத்த வச்சுட்டேன், மூணு தடவயும் ஏத்திக் கொன்னுட்டீக."

வேலு அண்ணன் காரை நிறுத்தி இறங்கினார். தேய்ந்த ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, காருக்கு எத்தன பக்கம் சக்கரம்?"

"ரெண்டு பக்கம்."

"அப்ப புல்லுல ஒண்ணு, சரளையில ஒண்ணுன்னு தடம் ரெண்டு இருக்கணும்ல? இது ஒத்தத் தடம். ஒத்தப் பக்கச் சக்கரத்த அந்தரத்துல தூக்கிக்கிட்டுப் போக நான் என்ன சர்க்கஸா காட்டுறேன்?"

சொல்லிவிட்டுக் காரில் ஏறி, ஹாரனை ஒரு முறை வேண்டுமென்றே அழுத்திவிட்டுப் போனார். இன்றைக்கும் ஓரம் தேய்ந்த இடத்தில் நான் முதலில் எண்ணுவது தடத்தைத்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் புத்தி வரவில்லை. சக்கரம் இல்லையென்றால் ஆடோ நாயோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தப்பைச் செய்தேன். வலது ஓரம் முழுக்கச் செங்கல்லைச் சாய்த்து, முனை மேலே நிற்கிற மாதிரி பல் வரிசையாக நட்டேன். ஒரு கல்லுக்குக் காவி, ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு. பார்க்க அழகாக இருந்தது.

இரண்டு வாரத்தில் இடது ஓரம் தேயத் தொடங்கியது.

நான் திங்களும் வியாழனும் காலையில் ஆறு மணிக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடுவேன். மூன்று மணி நேரத்தில் அந்த வீட்டில் யாரும் எதையும் மிதித்து நான் பார்த்ததில்லை. ஒரு வியாழக்கிழமை கத்திரியை அங்கேயே மறந்துவிட்டு, பத்து மணிக்குமேல் திரும்பிப் போனேன். கேட்டின் உள்ளே, இடது பக்கமாக, ஆச்சி நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. நான் தெருவில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது, பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் திரும்புகிற தெருமுனையை.

தபால்காரர் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றி, "இன்னைக்கு இல்ல ஆச்சி" என்றார். ஆச்சி தலையை ஆட்டினார். தபால்காரர் போய்விட்டார். ஆச்சி திரும்பிப் புல்லின் ஓரமாகவே, சரளையில் கால் படாமல், மெல்ல நடந்து போனார். சரளை அந்த நேரத்துக்கே சுடத் தொடங்கியிருக்கும். செருப்புப் போட்டு ஆச்சியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பாதி வழியில்தான் என்னைக் கண்டார்.

"கேட்டுக்குக் கொண்டி போட்டிருக்கான்னு பாக்க வந்தேன் தம்பி" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

"விரல்ல என்ன ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. கல்லு முனை இடிச்சிருச்சு."

நான் நட்ட கல். அந்த முனையில் லேசாகக் கறுத்துக் காய்ந்த ஒரு கறையை முந்தின வாரமே பார்த்து, காவிதான் ஒழுகியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல், ஆச்சி எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்திருக்கிறார். அன்று மத்தியானத்துக்குள் அத்தனை செங்கல்லையும் பிடுங்கிப் பின்னால் அடுக்கினேன். எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. வெறும் செம்மண்ணாக இருந்த காலத்திலும் ஆச்சி இப்படித்தான் நடந்திருப்பார். மண்ணில் அது தெரியவில்லை. நான் புல் போட்டதால்தான் தெரிந்தது.

அதன்பிறகு கவனித்தேன். காலைத் தபாலுக்கு ஒரு நடை, மத்தியானத் தபாலுக்கு ஒரு நடை, மெட்ராஸ் ரயிலில் திருச்சிக்கு வந்தவர்கள் பஸ் பிடித்து வந்து சேர்கிற நேரத்துக்கு ஒரு நடை. இடையில் காரணமில்லாமல் சில. மகன் மாதம் ஒரு கார்டு போடுவார். வருடத்துக்கு ஒருமுறை மாசியில், முன்னோருக்குப் படைத்துப் பங்காளிகள் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற படைப்புக்கு வந்து ஒரு நாள் தங்குவார்.

எனக்குப் புரியாத ஒன்றை ஒருநாள் கேட்டேவிட்டேன். மகன் வசதியாக இருக்கிறார், ஒரே பிள்ளை, ஏன் அவரோடு போய் இருக்கக் கூடாது?

"அது வழக்கமில்ல தம்பி. அவன வேற வச்சு இருபத்தஞ்சு வருசமாச்சு."

மகனுக்குக் கல்யாணமானதும், அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பும் தனிப் புழக்கமும் கொடுத்து வேறாக வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். அதன்பிறகு அப்பன் ஆத்தா உலை வேறு, மகன் உலை வேறு. எங்கள் பக்கம் வயசான ஆத்தா மூத்த மகன் வீட்டில் சாப்பிடுவாள், அதுவே பெருமை. இது எனக்குத் தெரியாது. 'வேற' என்று அவர் சொன்னது என் காதில் 'வேரு' என்று விழுந்தது. மகன் மெட்ராஸில் வேர் வைத்துவிட்டான் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, "வேர் வச்சா நல்லதுதான ஆச்சி, இனிமே பட்டுப்போகாது" என்றேன். ஆச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு விளக்கினார்.

"வேற வச்ச பிள்ள வீட்டுல போயி, நானா உக்காந்து எல போடுன்னு சொல்லலாமா? அவனாக் கூப்புடணும். அவனுக்கு ஆயிரம் சோலி. நாம தொந்தரவு குடுக்கப்படாது."

நடப்பதற்கு வாகாகப் பலகைக்கல் பதித்துத் தருகிறேன் என்றேன். கல் பாதைதான் அதற்குச் சரியான தீர்வு. புல்லும் தேயாது, காலும் சுடாது. ஆச்சி உடனே மறுத்துவிட்டார்.

"கல்லுப் போட்டா எதுக்குப் போட்டீகன்னு கேப்பான். மாசியில வாரான். நீ ஒண்ணு பண்ணு. தடம் தெரியாம மூடிரு. ஒருத்தி நாளெல்லாம் கேட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறான்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

வேலை சொன்னால் செய்வதுதானே நம் வழக்கம். ஊருணிக்கரையில் நல்ல புல்லாகப் பார்த்து வெட்டி வந்தேன். இரண்டு ஓரத்தையும் கிளறி, பத்தை வைத்து, திமிசுக் கட்டையால் தட்டினேன். அதோடு ஆச்சியிடம் ஒரு நிபந்தனை போட்டேன். இருபது நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் இதுவும் போய்விடும்.

"இருபது நாளா?" என்றார். "சரி."

அந்த இருபது நாளும் ஆச்சி வெளியே வரவில்லை. சரளையில் சாக்கு விரிக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அவரை அடைத்துப் போட்டது நான் என்பதால் எனக்கு மனது கேட்கவில்லை. மற்ற வீடுகளின் வேலையை மாற்றிக்கொண்டு தினமும் தபால் நேரத்துக்கு நானே போய்க் கேட்டடியில் நின்றேன். முதல் நாள் தபால்காரர் பதறிப்போனார்.

"என்னப்பா, ஆச்சிய எங்க? ஒடம்புக்கு ஏதும் முடியலயா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். பிறகு சொன்னார்: "எனக்கு இந்தத் தெருவுல பாதி நாள் தபாலே கெடையாது. இருந்தாலும் சுத்திக்கிட்டு வருவேன். இல்லன்னு சொல்றதுக்காச்சும் ஒரு ஆளு வரணும்ல."

நான் உள்ளே போய், பின்கட்டு வாசலில் நின்று, "இன்னைக்கு இல்ல ஆச்சி" என்பேன். அவர் "சரி" என்பார். அவ்வளவுதான் பேச்சு. முதல் வாரம் சாதாரணமாகத்தான் சொன்னேன். போகப் போக அந்த வாசலுக்கு நடப்பதே பாரமாகிவிட்டது. பதினெட்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. வாசித்துக் காட்டினேன். படைப்புக்கு வருவதாகவும், ஒரு நாள்தான் தங்க முடியும் என்றும் எழுதியிருந்தது.

புல் பிடித்துக்கொண்டது. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த ஓர வேலை அதுதான். எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

மகன் வந்தார். திருச்சியில் பிடித்த வாடகைக் காரைவிட்டு இறங்கியதும் பாதையை ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்தது. படைப்பு முடிந்து, மறுநாள் காலையில் புறப்படுவதற்குமுன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ அடிக்கடி வாரவன். ஆத்தாவக் கேட்டா நல்லா இருக்கேன்கிறாக. நெசமாவே நல்லா இருக்காகளா? தனியாச் செரமப்படுறாகளா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். புல் போடுவதெல்லாம் பழகினால் வந்துவிடும். இப்படி ஒரு கேள்வி வரும்போது என்ன சொல்வது என்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். போர்ட்டிகோத் தூணைப் பிடித்துக்கொண்டு ஆச்சி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பேச்சு அவர் காதுக்கு எட்டாது. ஆனால் தெரியக் கூடாது என்று என்னிடம் அவர் சொன்னது என் காதில் இருந்தது. பெரிய வீட்டு விஷயத்தில் தோட்டக்காரன் ஏன் வாய் கொடுக்க வேண்டும் என்ற பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால், பயம்தான் அதிகம்.

"நல்லா இருக்காகய்யா. ஒரு கொறையும் இல்ல."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரலாமான்னு யோசன பண்ணிக்கிட்டு வந்தேன். வீட்டப் பாத்தா அவ்வளவு வெடிப்பா, நேர்த்தியா வச்சிருக்காக. இங்கனயே இருக்கட்டும், அதான் அவுகளுக்குப் பிரியம் போல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனையில் திரும்புகிறவரை ஆச்சி போர்ட்டிகோவிலேயே நின்றார். பிறகு என்னிடம் கேட்டார். "என்ன கேட்டான்?"

சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

அதையும் சொன்னேன். மெட்ராஸ் யோசனையையும் சொன்னேன்.

ஆச்சி தூணிலிருந்து கையை எடுத்தார். இறங்கி வந்து, இருபது நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் புல்லின்மேல் கால் வைத்தார். "நல்லாப் பிடிச்சிருச்சு தம்பி" என்றார். "ரொம்ப நல்லாப் பிடிச்சிருச்சு." அப்படியே கேட்டை நோக்கி நடந்தார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் மூடச் சொன்னதை மூடினேன், அது சரி. மகன் கேட்டதற்குப் பொய் சொன்னேனே, அதை யார் செய்யச் சொன்னார்கள்? தெரிய வேண்டாம் என்று வாய் சொன்னாலும், எப்படியாவது தெரிந்துவிட வேண்டும் என்று அந்த மனசு கிடந்து தவித்திருக்கிறது. அது எனக்கு அந்த நடையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இன்னொரு முழு வருடத்துக்கு அவரை அந்தக் கேட்டில் நிறுத்தி வைத்தவன் நான்.

அந்த வருடம் முழுக்க ஓரம் தேய்ந்தது. நான் தொடவில்லை. சுற்றியிருந்த புல்லை மட்டும் நேர்த்தியாகக் கத்தரித்து வைத்தேன். போர்ட்டிகோவில் தொடங்கி வேப்பமரம் வரை வலது பக்கமாகச் செம்மண் கோடு ஒன்று நேராகப் போயிற்று. அடுத்த மாசி நெருங்கியபோது ஆச்சி, "தம்பி, நாளு நெருங்குதே" என்றார்.

"ஊருணிக்கரையில புல்லு காஞ்சு கெடக்கு ஆச்சி. பத்த வெட்ட முடியாது. இந்த வருசம் பிடிக்காது."

அதுவும் பொய்தான். ஆச்சி என் முகத்தையே பார்த்தார். ஊருணிக்கரை எப்போதும் பச்சையாக இருக்கும் என்பது எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். "சரி" என்றார்.

மகன் வருகிற அன்று என்னவெல்லாம் சொல்வது என்று ஒரு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கேட்காவிட்டாலும் நானாகச் சொல்லிவிடுவது என்றிருந்தேன். கார் வந்து நின்றது. அவர் இறங்கி ஓரத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிடும் என்று நான் நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"என்னய்யா இது? போன வருசம் எப்புடி இருந்துச்சு! ஒரு பக்கம் பூராம் மண்ணாக் கெடக்கு. ஆள் இல்லாத நேரம் பாத்து மாட்ட விட்டு மேய்க்கிறியா? நாளையிலேருந்து நீ வர வேணாம். வேற ஆளு பாத்துக்கிறேன்."

நான் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. கையில் கத்திரியோடு நின்றேன். அந்த வேலை போனால் எனக்கு மிச்சம் இருப்பவை ஆள் இல்லாத மூன்று வீடுகள். அதைவிட, இருபது நாள் 'இன்னைக்கு இல்ல' என்று போய்ச் சொன்ன அந்தப் பின்கட்டு வாசல் போய்விடும். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதப்பா."

ஆச்சி படியில் இறங்கி வந்தார்.

"அது மாடு இல்ல. நான் நடந்தது."

"எங்க நடந்தீக?"

"கேட்டுக்கு."

"கேட்டுக்கு எதுக்கு ஆத்தா?"

ஆச்சி அந்தச் செம்மண் கோட்டைப் பார்த்தார். தனக்காக ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவர், என் பிழைப்புக்காக அவ்வளவு தூரம் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மகன் கீழே பார்த்தார். பிறகு அந்தச் செம்மண் கோட்டின்மேலேயே நடந்தார். வேப்பமரத்தடியில் அந்த வட்டமான மொட்டையில் போய் நின்றார். அங்கே நின்றால் தெருமுனை தவிர வேறெதுவும் தெரியாது. வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது ஷூவைக் கையில் எடுத்திருந்தார், ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஆத்தா?"

"எண்ணலப்பா."

மறுநாள் காலையில் ஆச்சி புறப்பட்டார். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் பேசியதில் ஒரு துண்டு மட்டும் என் காதில் விழுந்தது. "வேற அடுப்புப் போட எடமிருக்கா?" என்று ஆச்சி கேட்டார். "இருக்கு ஆத்தா, பின்னால ஒரு ரூமே இருக்கு" என்றார் மகன். "அப்பச் சரி" என்றார் ஆச்சி. வழக்கத்தை விடாமலேயே கிளம்பிவிட்டார். மெட்ராஸில் கிடைக்காத பாத்திரமா? இருந்தாலும் தன் உலைப்பானையைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். என்னை அருகில் கூப்பிட்டார்.

"தம்பி, நீ சொன்னியே வேரு. இந்த வயசுல பேத்து நட்டாப் பிடிக்குமா?"

"தாய்மண்ணோட எடுத்தாப் பிடிக்கும் ஆச்சி."

அவர் மடியிலிருந்த பானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். கார் போயிற்று. நான் கேட்டை மூடிக் கொண்டியைப் போட்டேன்.

சில மாதம் கழித்து, பழைய காரை மெட்ராஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வேலு அண்ணன் என்னைத் தேடி வந்தார். "அங்கயும் சாயங்காலமானா கேட்டுக்கு நடக்குறாகப்பா" என்றார். எனக்குத் திக்கென்றது. "பயப்படாத. மகன் ஆபீஸ் விட்டு வார நேரம். அங்க வர்ற ஆளு வந்துருவாருல்ல."

அந்த வீட்டுச் சாவியும் என்னிடமே வந்தது. இப்போது நான்கும் பூட்டிய வீடுகள். தபால்காரர் அந்தத் தெரு வழியாகச் சுற்றுவதை நிறுத்திவிட்டார், இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லையே. ஐப்பசி மழையில் நான் எதுவும் செய்யாமலே இரண்டு பக்கத்திலிருந்தும் அருகு ஓடி அந்தத் தடத்தை மூடிவிட்டது. ஒருநாள் காலைத் தபால் நேரத்துக்கு வேப்பமரத்தடியில் போய் நின்று பார்த்தேன். தெருமுனையில் யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதனால், பசை டப்பாவைத் திறப்பதற்குமுன் அந்த வீட்டுக்கு ஒருநாள் வேலையில்லாமல் போங்கள். தடம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்றென்றால் மத்தியானம் வரை அங்கேயே நில்லுங்கள். யார் நடக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒட்டுவதா, கல் பதிப்பதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் 'ஒரு குறையும் இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. பதில் சொல்ல நீங்கள் வருவீர்கள் என்று நானும் ஒரு வாரமாகக் காலையிலும் மாலையிலும் வாசல் கேட் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீட்டு முன்னால் சிமெண்டுத் தரை. எவ்வளவு நடந்தாலும் அதில் தெரியாது.